அம்மாவின் உயரத்துக்கு ஒரு மேடை

அம்மாவின் அடுக்களை என்றதும் அடுப்புக்கு முன்னால் தரையில் கிடந்த பலகைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. தென்காசியில் எங்கள் வீட்டைக் கட்டும்போது ஜன்னல் சட்டத்துக்கு அறுத்ததில் மிஞ்சிய தேக்குத் துண்டு அது. அடியில் இரண்டு கட்டைகளை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அம்மா குள்ளம். கொத்தனார் ஊர் வழக்கப்படி கட்டிவிட்டுப் போன கல்மேடை அவளுடைய நெஞ்சுக்குச் சற்றுக் கீழே நின்றது. பலகையில் ஏறி நின்றால்தான் அவளால் சமைக்க முடியும். அப்போதும் குழம்புச் சட்டிக்குள் பார்க்க வேண்டுமென்றால் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்ப்பாள். காய் நறுக்க இறங்குவாள், கிளற ஏறுவாள், உப்பு எடுக்க இறங்குவாள். ஒரு வேளைச் சமையலுக்குள் அவள் ஏறி இறங்கியது எத்தனையோ தடவை இருக்கும். சின்ன வயதில், எல்லார் வீட்டு அடுக்களையிலும் இப்படி ஒரு பலகை கிடக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். பலகையின் நடுவில் அவள் இரண்டு பாதங்களும் படிந்த இடம் மட்டும் வழவழவென்று மின்னும்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தார். தொழில் சாமான் விஷயத்தில் அவரைப் போலப் பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. கட்டிங் பிளேயரைக் கைக்காசு போட்டு, இருப்பதிலேயே உசத்தியானதாகப் பார்த்து வாங்குவார். கம்பத்தில் ஏறும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டை வேலைக்குப் போகுமுன் வாசலில் விரித்துப்போட்டு, தையல் தையலாகத் தடவிப் பார்ப்பார். ஒரு இடத்தில் நூல் பிரிந்திருந்தாலும் அதைக் கட்டமாட்டார். ரப்பர் கையுறையில் காற்றடைத்து, கன்னத்தோடு ஒட்டி வைத்துக் கசிகிறதா என்று பார்ப்பார். "நல்ல பெல்ட்டு இல்லாம கம்பத்துல ஏறுதவன் பைத்தியக்காரன்" என்பது அவர் அடிக்கடி சொன்ன பேச்சு.

அதே மனிதர் வீட்டில் ஓட்டை விழுந்த துண்டால்தான் தலை துவட்டுவார். குளியலறை வாளியின் கைப்பிடி உடைந்து, அதில் அவரே கம்பி சுற்றி வைத்திருந்தார். தூக்கும்போதெல்லாம் கம்பி கையைக் கிழிக்கும். நடையில் எரிய வேண்டிய பல்பு மாதக்கணக்கில் எரியாமல் கிடக்கும். லைன்மேன் வீட்டிலேயே இருட்டு என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள். நல்ல சாமான்கள் இல்லாமல் இல்லை. பூந்துவாலைகளும், ராணுவத்திலிருந்த மாமா வடக்கேயிருந்து கொண்டுவந்த கம்பளியும், பட்டுப்போன்ற உறை போட்ட தலையணைகளும் பீரோவுக்குள் பாச்சை உருண்டை வாசத்தோடு இருந்தன. எல்லாம் விருந்தாளிகளுக்கு. வருஷத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வெளியே வந்து, யார் மேலோ பட்டுவிட்டு, துவைத்து மடித்து மறுபடி உள்ளே போய்விடும். எங்களுக்கு என்று வரும்போது "கெடக்கட்டும், இது போதாதா" என்பாள் அம்மா. அப்பாவுக்கும் அது போதும் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும்.

அப்பா ஓய்வுபெற்ற மறு வருஷம், சாரல் தொடங்கிய வாரத்தில் அம்மா விழுந்தாள்.

குற்றாலத்தில் சாரல் என்றால் தென்காசியில் தரை காயாது. கதவு உப்பிக்கொள்ளும், உப்பு நீர்விடும், துணியிலிருந்து ஈரவாடை போகாது. அன்றைக்குக் காலையில் பலகையின் வழவழப்பான நடுப்பகுதியில் ஈரம் இருந்திருக்கிறது. இட்லிக் கொப்பரையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியவளின் கால் வழுக்கிவிட்டது. நான் சுரண்டையில் பள்ளிக்கூட டீச்சர். அங்கேயே வாக்கப்பட்டு இருக்கிறேன். காலை மணி அடிப்பதற்கு முன்னால் அப்பாவின் போன் வந்தது. "ஏட்டி, அம்மா விழுந்துட்டா. எந்திரிக்க முடியல" என்றார். மின்னல் வெட்டும்போது கம்பத்தின் உச்சியில் நின்று வேலை பார்த்த மனிதரின் குரல் அப்படி நடுங்கியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

இடுப்போரம் எலும்பு முறிந்திருந்தது. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் நான் காப்பி வாங்கிக்கொண்டு போனபோது அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலியைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"ஏட்டி, இந்த மெத்தை எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா? முதுகுல ஒரு இடத்துலயும் குத்தல. கக்கூஸ்ல கூட பிடிச்சு எந்திரிக்க கம்பி போட்டிருக்கான். ஒரு பட்டனை அமுக்குனா நர்ஸ் பிள்ள வந்து நிக்குது. ஆஸ்பத்திரின்னாலும் இங்கன சுகமாத்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜன்னலோரம் நின்ற அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எலும்பு முறிந்து கிடக்கும் இடம் வீட்டைவிடச் சுகமாக இருக்கிறது என்று தன் மனைவி சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடியே வெகுநேரம் நின்றார்.

மறுநாள் பிசியோதெரபி செய்யும் பெண் வந்து அம்மாவை வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தாள். அம்மாவின் முகம் வெளுத்து, உதடு நடுங்கியது. "நிக்கீங்கம்மா, நல்லா நிக்கீங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு அளவு டேப்பை எடுத்தார். குனிந்து அதன் நுனியைத் தரையில் வைத்து, அம்மாவின் முழங்கை வரைக்கும் இழுத்துப் பார்த்தார். பிசியோதெரபிப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னங்க இது, சட்டை தைக்கவா அளக்குதீய?" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"நேரா நில்லு. ஆடாத" என்றார் அப்பா. அவள் ஆடவில்லை. அளந்து முடிக்கும்வரை, வலியை மறந்து, நேராக நின்றாள்.

நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பா தென்காசிக்குப் போனார். போனதும் அவர் செய்த முதல் வேலை அந்தப் பலகையைக் கோடாலியால் பிளந்து, புறவாசல் வெந்நீர் அடுப்புக்கு விறகாக அடுக்கி வைத்ததுதான். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு மேடையை உடைக்கச் சொல்லியிருக்கிறார். கொத்தனாருக்குப் புரியவில்லை. "அண்ணாச்சி, மேடை கல்லு மாதிரி இருக்கு. என்ன குத்தம்? ஊரு முழுக்க இதே உயரந்தான் கட்டுதோம்" என்றாராம். "ஊரு முழுக்க ஒரே உயரத்துலயா பொம்பளைய இருக்காவ?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

மேடையோடு நிற்காமல் மெத்தை, செருப்பு என்று அவர் வாங்க ஆரம்பித்த விஷயம் சொந்தக்காரர்களுக்குப் பரவியது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை மாடி எடுக்க என்று அப்பா ஒதுக்கி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். "மாடிக் காசை மெத்தைக்கும் செருப்புக்கும் கொட்டுதாரு, மனுசனுக்குப் புத்தி கலங்கிட்டு" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் அது பணத்துக்காக வந்த கோபமில்லை. ஒருநாள் வீட்டுக்குப் போனேன். அடுக்களை முழுக்கச் சிமெண்டுத் தூசி. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நின்றார்.

"அம்மா எந்திரிச்சு நடக்கவே இல்ல. அதுக்குள்ள அடுப்படிய ரெடி பண்ணி அவள மறுபடியும் அங்கயே அனுப்பப் பாக்கீங்களா?" என்று கேட்டேன்.

அப்பா கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். மேடையை அவர் முழுவதுமாக உடைத்திருக்கவில்லை. பாதியை இறக்கியிருந்தார். மறுபாதி பழைய உயரத்திலேயே நின்றது.

"அந்தப் பக்கம் எனக்கு. நான் நெட்டை, எனக்கு அது சரியா இருக்கும். இனிமே நாந்தான் பொங்கப்போறேன். இந்தப் பக்கம் அவளுக்கு. அவ வரணும்னு இல்ல. வந்தான்னா காலு தரையில இருக்கணும்." மேடையின் விளிம்பைக் கையால் தடவினார். "பெல்ட்டு கொடுக்காம ஒருத்தன கம்பத்துல ஏத்திவிட்டா அது கொலைன்னு சொல்லுவேன்லா நான்? வீட்டுல ஒருத்திய காலமெல்லாம் பலகைல ஏத்திவிட்டிருக்கேன் ஏட்டி."

பையைக் கீழே வைத்துவிட்டு, உடைத்த கற்களைப் புறவாசலுக்கு அள்ளிக் கொட்ட உதவினேன்.

அம்மா வீடு திரும்பியபோது அது பழைய வீடாக இல்லை. தரையில் உட்காரும் கக்கூஸ் போய், நாற்காலிபோல உட்காருவது வந்திருந்தது. சுவரில் பிடித்து எழுந்திருக்க எவர்சில்வர் கம்பி. குளியலறைத் தரையில் வழுக்காத சொரசொரப்பான ஓடு. நடையில் பளிச்சென்று விளக்கு, அதுவும் கட்டிலிலிருந்து கையெட்டும் தூரத்தில் சுவிட்ச். அடியில் நல்ல பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு, வீட்டுக்குள் போட ஒன்று, வெளியே போட ஒன்று. கட்டிலில் புது மெத்தை, உயரமான புதுத் தலையணைகள். அதன்மேல் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டிருந்த ராணுவக் கம்பளி.

கம்பளியைப் பார்த்ததும் அம்மா பதறினாள். "அய்யய்யோ, இது வாரவங்களுக்கு வச்சிருக்கதுல்லா! அழுக்காயிரும்."

"வந்தாச்சு. உக்காரு" என்றார் அப்பா.

மெத்தை அவளுக்குப் பிடித்தது. அதுவே வேறொரு கஷ்டமானது. அவள் அதை விட்டு இறங்க மறுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்த உள்ளூர் பிசியோதெரபிப் பெண், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, காலில் பலம் இருக்கிறது, பயம்தான் பாக்கி என்றாள். இப்படியே படுத்திருந்தால் இருக்கிற பலமும் போய்விடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தாள். அம்மா கக்கூஸுக்கு மட்டும் வாக்கரோடு போய் வருவாள், அதுவும் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு. அடுக்களை வாசல் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டாள். "அங்கன பாத்தாலே அந்தச் சத்தம் கேக்குது" என்பாள். விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம்.

அப்பா ஒரு நாளும் அவளை அடுக்களைக்குக் கூப்பிடவில்லை. உயரமான பாதியில் நின்று அவரே பொங்கினார். சோறு குழையும், குழம்பில் உப்பு ஏறும், அப்பளம் கருகும். தட்டில் போட்டு எடுத்துவந்து கட்டிலோரம் உட்கார்ந்து, இருவரும் சாப்பிடுவார்கள். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள். குறை சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா உப்பைப் பற்றி வாய் திறக்காமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். சாரல் நின்று கொஞ்சம் வெயில் அடித்திருந்ததால் அப்பா புறவாசல் கொடியில் துணி காயப்போட்டிருந்தார். தாழ்ந்த பாதியில் கிடந்த சின்ன அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பியபோது மறுபடியும் தூற ஆரம்பித்துவிட்டது. துணி எடுக்க ஓடினார். நான் கூடத்தில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பால் பொங்கும் சத்தம் முதலில் அம்மாவுக்குத்தான் கேட்டது.

"பாலு! பாலு பொங்குது!" என்று கத்தினாள்.

நான் தாள்களை விலக்கி எழுவதற்குள் வாக்கரின் கால்கள் தரையில் டொக்டொக்கென்று விழும் சத்தம் கேட்டது. அறையிலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். யார் தோளும் இல்லை. செருப்பு போட்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை; கண் முழுக்க அடுக்களை வாசலில் இருந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்திருக்கலாம். ஏனோ கால் நகரவில்லை. அவள் உள்ளே போய், வாக்கரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். பொங்கிய நுரை பாத்திர விளிம்பில் நின்று மெல்ல இறங்கியது.

அதற்குப் பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு பால் பாத்திரத்தைப் பார்த்தாள். மேடை அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முழங்கை சுகமாக மடங்கும் இடத்தில் இருந்தது. புறவாசல் கதவில் கை நிறைய ஈரத்துணியோடு அப்பா வந்து நின்றார். அவர் முகத்திலும் துணியிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பாத்திரத்துக்குள்ள தெரியுது" என்றாள் அம்மா.

அப்பா தலையை ஆட்டினார்.

"எட்டிப் பாக்காமலே தெரியுது" என்று மறுபடியும் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள். அழுகை முடியுமுன்னே, "காப்பித் தூள எங்கன தூக்கி வச்சிருக்கீய? அடுக்களையா இது? ஒரு டப்பா இருந்த இடத்துல இல்ல" என்று ஏச ஆரம்பித்துவிட்டாள். அந்த ஏச்சைக் கேட்டபிறகுதான் எனக்குப் பயம் போனது. அவள் கலந்து கொடுத்த காப்பியைப் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து குடித்தேன்.

அதிலிருந்து நாளுக்கு நாள் முன்னேற்றம்தான். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. அப்புறம் கைத்தடியும் கதவு மூலையிலேயே பெரும்பாலும் நின்றது. சமையல் இருவருக்கும் பொதுவாகிவிட்டது. உயரமான பாதியில் அப்பா தேங்காய் துருவுவார், தாழ்ந்த பாதியில் அம்மா தாளிப்பாள். அவரை அவள் ஏசிக்கொண்டேதான் இருப்பாள். ஆனால் குரலில் சந்தோஷம் இருக்கும். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அந்த மேடைக்கு முன்னால் ஒரு தடவை நின்று, கையை மடக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். "புத்தி கலங்கிட்டு" என்று சொன்ன சித்தியே தன் வீட்டு மேடையை இறக்க அதே கொத்தனாரைக் கூப்பிட்டாள். போன மாதம் சுரண்டையில் அந்தக் கொத்தனாரைப் பார்த்தேன். இப்போதெல்லாம் புது வீட்டில் மேடை கட்டப் போனால், "யாரு சமைப்பா? அவங்கள வந்து நிக்கச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கல்லை எடுக்கிறாராம்.

போன சாரலுக்கு அம்மா அருவி பார்க்க வேண்டும் என்றாள். அவளாக இப்படி எதையும் கேட்டதில்லை. கூட்டம் குறைந்த ஒரு வார நாளாகப் பார்த்து மூன்று பேரும் குற்றாலம் போய், ஒரு லாட்ஜில் இரவு தங்கினோம். காலையில் அருவிக்குப் போனோம். அம்மா தண்ணீருக்கு அடியில் போகவில்லை. ரப்பர் செருப்பை அழுத்தி அழுத்தி ஊன்றி, பெண்கள் பக்கம் திவலை தெறிக்கும் இடம்வரை வந்தாள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் ஓடிவந்து கையைப் பிடித்து, "இங்கன நில்லுங்க ஆச்சி, இதுவே போதும், நல்லா நனைவீங்க" என்று நிறுத்தினாள். அம்மா அங்கேயே கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தி நின்றாள். புடவை முழுக்க நனைந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தாள்.

தென்காசிக்கு ஆட்டோவில் திரும்பும்போது திடீரென்று அப்பாவைக் கேட்டாள். "தெனமும் காலைல எந்திரிச்சதும் வலிக்குன்னு உங்க கழுத்த நீங்களே பிடிச்சு விடுவீயள்லா, இன்னைக்கு ஏன் விடல?"

அப்பா யோசித்தார். "ஆமா. இன்னைக்கு வலி இல்ல."

"ராத்திரி குறட்டை விட்டு அசந்து தூங்குனீய. லாட்ஜுல தலைகாணி தட்டையா இருந்தது. வீட்டுல புதுசா வாங்குனது உசரம். அப்போ அதுதான கழுத்த வலிக்க வைக்குது?"

"அது உனக்குப் பிடிச்சிருக்குன்னு..." என்று இழுத்தார் அப்பா. "எனக்கு என்ன, கெடக்கட்டும்."

அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். வழியில் ஒரு மெத்தைக் கடை வாசலில்தான். ஈரப் புடவையோடு இறங்கி, விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். நாங்கள் பின்னால் போனபோது, கடையில் நின்ற பெண் எடுத்துப்போட்ட தலையணைகளை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வேண்டாம். இதுவும் உசரம். வேற எடும்மா" என்றாள். பிறகு ஒன்றைக் கையில் எடுத்து, காட்சிக்குப் போட்டிருந்த கட்டிலில் வைத்து, அப்பாவைப் படுக்கச் சொன்னாள்.

"கடையிலயா? எல்லாரும் பாக்காங்க" என்றார் அப்பா.

"பாக்கட்டும். கழுத்து உங்களுதுதான? படுத்துப் பாருங்க."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அம்மா அவர் தலைமாட்டில் நின்று, கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவில் விரலை விட்டு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தாள். அப்பா கண்ணை மூடினார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இது சரியா இருக்கு" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ரெண்டா போட்டுரவா ஆச்சி? கட்டில்ல ஒண்ணுபோல இருந்தா அழகா இருக்கும்" என்று கடைப்பெண் கேட்டாள்.

"ஒண்ணு போதும். எனக்கு வீட்டுல இருக்கதே சரி" என்றாள் அம்மா. "எங்க ரெண்டு பேரு கழுத்தும் என்ன ஒண்ணுபோலயா இருக்கு?"

கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் படுத்தபடியே சிரித்தார். பணம் கொடுத்துத் தலையணையை வாங்கி அவள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாசலில் படிகள் ஈரமாக இருந்தன. நான் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டுவதற்குள், அவள் பாதத்தை நன்றாக ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, எங்களைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கூப்பிட்டாள்.